இடுக்கி வெட்டிய கழுத்து

உள்ளே லத்தி இறங்கிய ஒவ்வொரு தடவையும் வெளியே வேம்புலியம்மாள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடி புருஷனுக்கு, வலி பெண்டாட்டிக்கு. ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நின்ற துலுக்கானம் ஏழு வரைக்கும் எண்ணினான். எட்டாவது அடிக்கு எழுந்த சத்தம் மனிதக் குரல் மாதிரியே இல்லை. அதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டான்.

"எறும்பக் கூட மிதிக்க மாட்டாருண்ணா எங்க ஊட்டுக்காரு," என்றாள் வேம்புலியம்மாள். "கெணறு வெட்டப் போனவரு. கொல பண்ணிட்டாருன்னு நேத்து ராவு இட்டாந்து ரெண்டு வெரல ஒடச்சிட்டாங்க. நாலு மணிக்குப் பூந்தமல்லி கோர்ட்டாம். அதுக்குள்ள கைநாட்டு வாங்கிடுவாங்களாம். வாங்கிட்டா தூக்குத்தானாமே?"

"கைநாட்டு வெக்க ஒரு வெரலயாவது வுட்டு வெப்பாங்க, கவலப்படாத," என்று துலுக்கானம் சொல்லிவிட்டான். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்கிற அளவு அவன் வாய்க்கு எப்போதுமே கிடையாது. அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாத்யாரு வந்துகீறாரு இல்ல, பாத்துக்கலாம்," என்று ஒட்டுப் போட்டான்.

வாத்யார் என்றது ஜெயபாலை. அம்பத்தூர் ஓ.டி.யில் சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் குடை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் மதுவிலக்குப் போலீஸில் இருந்தவர். பிடிபட்ட சரக்கையெல்லாம் நாக்கில் வைத்து எந்த ஊர், எந்த ஊறல் என்று சொல்வது அவர் வேலை. வைப்பார், சொல்வார், துப்புவார். ஒரு சொட்டுக்கூடத் தொண்டைக்குள் இறக்கியதில்லை. துலுக்கானத்தின் பார்வையில் இது உலகத்தின் எட்டாவது அதிசயம்.

இரண்டு பேரும் உள்ளே போனபோது இன்ஸ்பெக்டர் அய்யாசாமி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கம்பிக்குள் வேம்புலியம்மாளின் புருஷன் சின்னப்பையன் சுருண்டு கிடந்தான். வாய் வீங்கிப் பூசணிக்காய் ஆகியிருந்தது. வலது கை விரல்கள் போகக் கூடாத திசையில் போயிருந்தன.

"வாய்யா ஜெயபாலு. கேஸ் முடிஞ்சாச்சு. டீ சாப்ட்டுட்டுப் போ."

"எனக்குக் கேஸே தெரியாதே. சொல்லுங்க, அப்புறம் டீ சாப்பிடறேன்."

அய்யாசாமி சொன்னார். கோவில்பதாகையில் செபாஸ்டியன் என்று எழுபத்திரண்டு வயதுக் கிழவர். சண்டைக் காலத்தில் ஆவடி முகாமில், வெள்ளைக்கார அதிகாரிகளின் மெஸ்ஸில் பட்லராக இருந்தவர். நாற்பத்தேழில் கப்பலேறிய மேஜர் ஒருவர், போகிற போக்கில் ஒரு பாட்டில் போர்ட் ஒயினை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தொரு வருஷம் அதைக் கிழவர் திறக்கவே இல்லை. மாதா சுரூபத்துக்கு அடுத்தபடி அந்த வீட்டில் தூசி தட்டப்பட்டது அந்தப் பாட்டில்தான். நேற்றுத் திங்கட்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கிணற்றில் சின்னப்பையன் நாற்பத்திரண்டு அடியில் தண்ணீர் கண்டான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிழவர் மண்டை பிளந்து நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார். எதிரே மேஜையில் கழுத்து போன பாட்டிலும் இரண்டு கிளாஸும்.

"ஒரு கிளாஸ் காலி, அது கெழவரோடது. இன்னொண்ணுல பாதி அப்படியே கீது, அதுல இவன் ரேகை. சர்ச் சாமியாரு கேட்டே தொறக்காத பாட்டில, கெணறு வெட்றவனுக்கு அவரே தொறந்து ஊத்துனாராம். காதுல பூ சுத்துறான். இவன் பாட்டில ஒடச்சுக் குடிச்சிருக்கான், கெழவரு தடுத்திருக்காரு, கடப்பாரையால ஒரே போடு."

"ஒடச்ச கழுத்து எங்கே?"

பொட்டலத்தைப் பிரித்தார் அய்யாசாமி. தக்கையும் அரக்கும் உள்ளே அப்படியே இருக்க, பாட்டில் கழுத்து முழுசாக இருந்தது. ஜெயபால் அதை எடுத்துப் பாட்டில் மேல் வைத்தார். சொம்புக்கு மூடி மாதிரிப் பொருந்தியது.

"அட, இன்னா நைசா கீது!" என்று துலுக்கானம் வெட்டுவாயில் விரலை ஓட்டினான். அடுத்த நொடி, "யம்மா!" என்று விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டான். ரத்தம் பொலபொலவென்று வந்தது.

"சவரக் கத்தி மாதிரி இருக்குல்ல?" என்றார் ஜெயபால். "செவத்துல அடிச்சு ஒடச்சிருந்தா சில்லு சில்லாப் போயிருக்கும். இது வாழத்தண்டு நறுக்குன மாதிரி இருக்கு. இன்ஸ்பெக்டர், மெஸ் பட்லருங்க பழைய போர்ட் ஒயினுக்குத் தக்கை எடுக்கற திருகு போட மாட்டாங்க. தக்கை மக்கிப் போயிருக்கும், பொடியா உதிர்ந்து உள்ள விழுந்துடும். அதுக்குன்னு ஒரு இடுக்கி உண்டு. நெருப்புல பழுக்கக் காய்ச்சிக் கழுத்தைக் கவ்வ வைப்பாங்க. எடுத்த கையோட ஈரத்துணியச் சுத்துனா டக்குனு கழுத்து தனியா வந்துடும். சின்னப்பையனுக்கு இது தெரியுமா?"

"அவனுக்குக் கடப்பாரைதான் தெரியும்," என்றான் துலுக்கானம் விரலைச் சப்பிக்கொண்டே.

"அப்போ தொறந்தது செபாஸ்டியன் கைதான். விருந்தாளிக்குத் தொறந்திருக்கார்."

அய்யாசாமியின் முகம் லேசாகக் கறுத்தது. "சரிய்யா, அவரே தொறந்தாரு. போதையில தகராறு. எப்படியும் அடிச்சவன் இவன்தானே?"

ஜெயபால் மேஜைப் பக்கம் திரும்பினார். பாதி ஒயின் இருந்த கிளாஸின் மேல் மூடியிருந்த காகிதத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். துலுக்கானம் ஒயின் என்றால் சிவப்பு என்றுதான் நினைத்திருந்தான். இதுவோ புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பு நிறம். ஓரத்தில் மட்டும் தங்கம் மாதிரி ஒரு கோடு.

"ரேகை இருக்கு. உதட்டுத் தடம் இல்லையே," என்று முணுமுணுத்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். "நெய்யில வறுத்த முந்திரி. காஞ்ச ஆரஞ்சுத் தோலு. பாட்டன் காலத்துத் தேக்குப் பெட்டியைத் தொறந்தா ஒரு வாசம் வருமே, அது."

ஒரு வாய் எடுத்தார். கம்பிக்குள் சின்னப்பையன்கூட ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். துலுக்கானம் பழக்கதோஷத்தில் அவர் துப்புவதற்காக மூலையிலிருந்த வாளியை நகர்த்தி வைத்தான். ஜெயபாலின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"வாத்யாரே! முழுங்கிட்டியா!"

"இதைத் துப்புனா பாவம்டா," என்றார் ஜெயபால். "இதுக்கு டானி போர்ட்னு பேரு. மரப் பீப்பாயில முப்பது நாப்பது வருஷம் கெடந்து, செவப்பெல்லாம் வடிஞ்சு, இந்த நெறத்துக்கு வந்தப்புறம்தான் பாட்டிலுக்கே வரும். முதல்ல இனிப்பு. அது போயிடுச்சுன்னு நெனைக்கறப்போ புளிப்பு வந்து நாக்கைக் கழுவி விடும். அப்புறமும் போகாம நிக்குது பாரு."

பிறகு பாட்டிலை எடுத்தார். தார் மாதிரிக் கறுத்த கண்ணாடி. உள்ளே என்ன நிறம் என்று வெளியே தெரியாது. முக்கால் பாட்டில் இருந்தது. ஒரு டீ கிளாஸில் கொஞ்சம் சாய்த்தார். விழுந்தது நாவல்பழச் சாறு மாதிரிக் கருநீலமாக விழுந்தது. நாக்கில் வைத்தார். அதே வேகத்தில் வாளியில் துப்பினார்.

"கிராம்பு. கோதுமைப் புளிப்பு. அடியில ஏதோ ஒரு பொகை வாசம். அய்யாசாமி, இது கிறிஸ்மஸுக்கு வீட்டுப் பரணியில போடற ஒயின். ஒரே பாட்டில்லேந்து ரெண்டு ஒயின் எப்படி வரும்?"

அய்யாசாமி டீ கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"சின்னப்பையன் போனப்புறம் யாரோ பாட்டில்ல மிச்சமிருந்த அத்தனையையும் குடிச்சிருக்காங்க. காலி பாட்டில் கெடந்தா, குடிச்சது யாருன்னு கேள்வி வரும். அதுக்காக வேற ஒயினை ஊத்தி நெரப்பியிருக்காங்க. அந்தக் கையிதான் மண்டையைப் பிளந்த கையி."

"கதை நல்லாக்கீது. நாலு மணி வரைக்கும் டைம். ஆளோட வா. இல்லாங்காட்டி இவன் கைநாட்டோட நான் பூந்தமல்லி போறேன்."

ஊசி மருந்துக் குப்பி ஒன்றில் அந்த நீல ஒயினைப் பிடித்துக்கொண்டு ஜெயபால் வெளியே வந்தார்.

"டைம் இன்னாடா?"

"பன்னெண்டேகால். வாத்யாரே, ஒரு டவுட்டு. ஒயின மாத்துன கஸ்மாலத்துக்குக் கலர் கூடவா தெரியாது? நீலத்தக் கொண்டாந்து ஊத்திகீது?"

"அதாண்டா எனக்கும் இடிக்குது. முக்கால் பாட்டில் குடிச்சவங்க அதோட நெறத்தைப் பாக்கவே இல்லை. எப்படி?"

கோவில்பதாகையில் செபாஸ்டியன் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு நாலைந்து நாற்காலி கிடந்தது. பிணம் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. நிலைப்படியில் மருமகள் ஞானகுமாரி நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். எழவு கண்ட பெண் வேறு எப்படி நிற்பாள் என்று துலுக்கானத்துக்கு மனசு இளகிவிட்டது.

"நேத்து நீங்கதான் மொதல்ல பாத்ததா?" என்று கேட்டார் ஜெயபால்.

தலையாட்டினாள். "ரெண்டு பேருக்கும் ஊறுகாய் வச்சுட்டு மூணு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். வந்தா மாமா கெடந்தாவ." முந்தானைக்குள்ளிருந்து வந்த குரல் தெளிவாக இல்லை. தெற்கத்திப் பேச்சு.

"பக்கத்து வீட்டுல ஒயின் கெடைக்கும்னாங்களே?"

அவள் கண் ஒருதரம் சிமிட்டியது. விரல் பக்கத்துச் சுவரைக் காட்டியது.

பக்கத்து வீடு ரோஸியுடையது. கிறிஸ்மஸ் மாதம் வந்தால் கேக்கும் ஒயினும் போட்டு அக்கம்பக்கத்துக்கு விற்கிறவள். அவள் கதவைத் திறந்து, "இன்னா வோணும்ணா?" என்று கேட்டு முடிப்பதற்குள், பின்கட்டிலிருந்து ஒரு மலை நடந்து வந்தது. அவள் புருஷன் மதுரைவீரன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். ஜெயபாலைப் பார்த்ததும் அவன் முகம் கொதித்தது.

"ஏய், நீ மதுவிலக்குத் துப்புணி இல்ல? எங்கண்ணன் ஊறல ஒடச்சு உள்ள தள்ளுனவன்! இப்ப எம்பொண்டாட்டியப் புடிக்க வந்துகீறியா?"

"இல்லப்பா, நான் இப்போ வேலையில..."

சைக்கிள் செயின் காற்றைக் கிழித்தது. முதல் வீச்சு ஜெயபாலின் தலைக்கு. அவர் குனிந்ததால் துலுக்கானத்தின் முதுகில் இறங்கியது. சட்டையோடு தோலும் வந்தது.

"அய்யோ! மாமே, நான் போலீஸ் இல்ல, ஆட்டோ!" என்று அலறினான் துலுக்கானம்.

இரண்டாவது வீச்சு அவன் காலைச் சுற்றி இழுத்தது. முகம் தரையில் மோத, பல்லுக்கு நடுவே மண்ணும் ரத்தமும் ஒன்றாகக் கரகரத்தன. மதுரைவீரன் முழங்காலை அவன் விலாவில் ஊன்றி, மோட்டார் ரிப்பேர் செய்கிறவன் நிதானத்தோடு மூன்று குத்து விட்டான். மூன்றாவதில் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் துலுக்கானத்துக்கே கேட்டது. ஜெயபால் குடையைத் திருப்பிப் பிடித்துக் கொக்கியை மதுரைவீரனின் கழுத்தில் மாட்டி இழுத்தார். மலை மல்லாக்க விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து ஜெயபாலைச் சுவரோடு சேர்த்துக் குரல்வளையைப் பிடித்தது. இரண்டு பேனாவும் தெறித்தன. அவருடைய கண் மேலே செருகியது.

பொத்தென்று ஒரு சத்தம். மதுரைவீரனின் உச்சந்தலையில் கேக் தட்டை இறக்கியிருந்தாள் ரோஸி.

"சண்டையே போட மாட்டேன்னு கோயில்ல முட்டி போட்டுச் சத்தியம் பண்ணியே, எங்க போச்சு அது? அந்தாளு இன்னா கேக்க வந்தாருன்னாவது கேட்டியா, தடிமாடு!"

மலை தலையைத் தடவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது. ஜெயபால் மூச்சை மீட்டுக்கொண்டு, பேனாக்களைப் பொறுக்கிப் பையில் குத்தி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம்தான் குப்பியை எடுத்தார்.

"அம்மா, இது உன் ஒயினான்னு பாத்துச் சொல்லு. ஒருத்தன் உயிர் இதுல இருக்கு."

ரோஸி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். சப்புக்கொட்டினாள். "ஐய, இது என்து இல்ல. நான் சக்கரையத்தான் கருக்கி ஊத்துவேன். இது கருப்பட்டி. சுக்கு வேற கீது. இந்த ஏரியாவுலயே கருப்பட்டி போட்டு ஒயின் போடறது ஒரே ஆளு. பக்கத்தூட்டு ஞானம். மணப்பாட்டுக்காரி, உடன்குடிக் கருப்பட்டி இல்லாம அதுக்கு எதுவும் எறங்காது."

துலுக்கானம் விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆனா அது இன்னும் பரணியே தொறக்கலண்ணா," என்றாள் ரோஸி. "திருநாளுக்குத்தான் தொறப்பேன்னு துணி கட்டி வெச்சுகீது. பாவம், நேத்து மாமனாரப் பாத்து ஒரு கத்து கத்திச்சு, தடால்னு உழுந்திச்சு. தண்ணி தெளிச்சும் எந்திரிக்கல. வாயெல்லாம் கொழறிச்சு. வெடிய வெடிய அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம்."

"எண்பது வருஷத்து டானி முக்கால் பாட்டில் உள்ள போனா, யானையும் தூங்கும்," என்றார் ஜெயபால் மெதுவாக.

எழுந்திருக்க மேஜையைப் பிடித்த துலுக்கானம் அதன்மேலிருந்த எலுமிச்சை ஊறுகாயைத் தெரியாமல் தொட்டுவிட்டான். காலையில் கிழித்த விரல் சுரீரென்று எரிந்தது. "ஸ்ஸ்! இந்தப் பாட்டிலு என் வெரலக் காவு வாங்காம வுடாது."

ஜெயபால் அந்த விரலையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "துலுக்கானம், நெறத்தைப் பாக்காம எப்படிக் குடிக்கறது?"

"பாட்டிலோட வாய்ல வெச்சு..." பாதியில் நிறுத்தினான். வாயைத் திறந்தபடியே மதில்சுவர்ப் பக்கம் திரும்பினான். அப்போதுதான் அதைப் பார்த்தான்.

"ரோஸிம்மா, அது எழவு ஊடுதானே? பொணம் எடுக்கறவரைக்கும் அடுப்பு பத்த வெக்க மாட்டாங்களே. பொகை வருது?"

ரோஸியின் முகம் வெளிறியது. "காலையில கஞ்சிகூட நான்தானே கொண்டும் போயி குடுத்தேன்..."

எழவு வீட்டுச் சமையலறைக்குள் இரண்டு பேரும் நுழைந்தபோது ஞானகுமாரி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அடுப்பின் மேல் பாத்திரம் எதுவும் இல்லை. விறகுக்கு நடுவே ஒரு முழ நீள இரும்பு இடுக்கி கிடந்து தகதகவென்று சிவந்திருந்தது. பக்கத்துச் சுவரில், புகை படியாத இடமாக, அதே இடுக்கியின் வடிவம் ஆணிக்குக் கீழே வெளுத்துத் தெரிந்தது.

"நெருப்பு எல்லாத்தையும் சுட்டுடும்மா, ரத்தத்தைக்கூட," என்றார் ஜெயபால். "ஒதட்டுக் காயத்தைச் சுடாது. முந்தானையைக் கொஞ்சம் எடுங்க."

அவள் திரும்பினாள். முந்தானை தானாக நழுவியது. கீழுதட்டில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு. ஓரம் வீங்கிக் கறுத்திருந்தது.

அவள் எழுந்ததைத் துலுக்கானம் பார்த்தான். இடுக்கி அடுப்பிலிருந்து வந்ததைப் பார்க்கவில்லை. முழங்கைக்குக் கீழே கரியடுப்பு ஒட்டிக்கொண்டது போலிருந்தது. தன் தோல் வேகிற வாசம் முதலில் மூக்குக்கு வந்தது. வலி அப்புறம்தான் வந்தது. வந்தபோது அவன் கால் மடிந்துவிட்டது. ஜெயபால் குடையை நீட்டினார். துணி பற்றி எரிந்து, கம்பிகள் மட்டும் எலும்புக்கூடாக மிஞ்சின. அவள் இன்னொரு வீச்சில் அதையும் தட்டிவிட்டு, சிவந்த நுனியை அவர் கழுத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தினாள்.

"வெரல ரெண்ட ஒடச்சிட்டாங்கம்மா அவனுக்கு," என்று தரையிலிருந்து முனகினான் துலுக்கானம். "உன் ஊட்டுக்குத் தண்ணி காட்டுனவன்."

"ஒடிக்கட்டும்," என்றாள். கண்ணில் ஈரமே இல்லை. "அவன் குடிச்சாம்லா? மூணு வருசத்துக்கு முந்தி, எங்க வீட்டு ஆளு இந்தக் கூடத்துலதான் கெடந்தாவ. பெத்த மகன். ஒத்தப் புள்ள. தண்ணிகூட எறங்கல. 'அந்தப் பாட்டில்ல ஒரு சொட்டு நாக்குல வையிங்கப்பா, எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போறேன்'னு கேட்டாவ. மாமா என்ன சொன்னாவ தெரியுமா? 'தொறந்தா முடிச்சாகணும், அதுக்கு இது நேரமில்ல'ன்னாவ. நாக்கு வறண்டே போய்ச் சேந்தாவ எங்க வீட்டாளு. நான் அதுக்கப்புறமும் அந்தப் பாட்டிலத் தொடச்சேன். வாரத்துக்கு ரெண்டு தடவை."

ஜெயபால் சுவரோரமாக நகர்ந்தார். இடுக்கியும் கூடவே வந்தது.

"நேத்து 'இடுக்கியக் காய்ச்சிக் கொண்டா'ன்னாவ. எதுக்குன்னு கேட்டேன். 'தண்ணி வந்திருக்குல்லா'ன்னு சிரிக்காவ. தண்ணி வந்ததுக்குத் தொறக்குற நேரம், மகன் போறதுக்கு இல்லாமப் போச்சு! நான் காய்ச்சிக் குடுத்தேன். ஊறுகாயும் வச்சேன். அவன் போனப்புறம் ஒரே ஒரு தடவை கேட்டேன், 'அவுகளுக்காக ஒரு வாய் எனக்குக் குடுங்க'ன்னு. என்னைப் பாக்கக்கூட இல்ல. 'கிளாஸக் கழுவி வை'ன்னாவ."

"அதனால அடிச்சீங்க."

"நாலு அடி. இதே இடுக்கியால எண்ணித்தான் அடிச்சேன். அப்புறம் பாட்டிலோட குடிச்சேன். ஒதடு கிழிஞ்சது தெரியல. அவுகளுக்குப் போய்ச் சேரட்டும்னு மடக் மடக்குனு குடிச்சேன்."

பின்வாசல் வழியாக மதில் ஏறிக் குதித்து வந்திருந்த மதுரைவீரன் அவளை இரண்டு கையோடும் சேர்த்துக் கட்டிப்பிடித்தான். இடுக்கி தரையில் விழுந்து, சாணம் மெழுகிய தரையில் புகைந்தது. அவள் திமிறவில்லை.

"அண்ணாத்தே, முதுகு வலிக்குதா?" என்று துலுக்கானத்தைக் கேட்டான் மதுரைவீரன், வெட்கத்தோடு.

"எந்த எடம் வலிக்கலன்னு கேளு மாமே, சீக்கிரம் சொல்லி முடிச்சிடுவேன்."

மூன்றரை மணிக்கு ஸ்டேஷனில் அய்யாசாமி கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். சின்னப்பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வேம்புலியம்மாள் அவன் கையைத் தொடப் பயந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிரே பெஞ்சில் இரண்டு பெண் போலீஸுக்கு நடுவே ஞானகுமாரி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அவளைப் பார்த்ததும் சின்னப்பையன் நின்றான். கேஸ் என்ன ஆயிற்று, யார் யாரைக் காட்டிக்கொடுத்தது, எதுவும் அவனுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை. வீங்கின வாயால் மெதுவாகப் பேசினான்.

"ஞானம்மா... நீங்க குடிச்சீங்களா அந்த ஒயின?"

அவள் நிமிர்ந்தாள்.

"ஐயாகிட்ட நான் அப்பவே சொன்னேம்மா, அம்மாவுக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்கன்னு. பரிமாறுறவங்க குடிக்கக் கூடாதாம், அது மெஸ்ஸு சட்டமாம். அதான் எனக்கு ஊத்துனதுல பாதிய உங்களுக்குன்னு அப்படியே வெச்சுட்டு வந்தேன். நீங்க வந்து எடுப்பீங்கன்னு பாத்தேன், நீங்க அடுப்பாண்ட கீறீங்க."

ஜெயபாலின் கை அவரை அறியாமல் தொண்டைக்குப் போனதைத் துலுக்கானம் பார்த்தான்.

ஞானகுமாரியின் வாய் கோணியது. உதட்டுக் காயம் மறுபடி பிளந்து, ரத்தம் மோவாயில் இறங்கியது. எங்கிருந்தோ கிளம்பிய அழுகை, காலையில் லத்திக்கு எழுந்த அதே சத்தமாக வெளியே வந்தது.

அவள் ஏன் அழுகிறாள் என்று சின்னப்பையனுக்குத் தெரியவில்லை. தன்னிடம்தான் ஏதோ குற்றமென்று பயந்துபோய், உடைந்த விரல்களோடு கையைத் தூக்கி, தலைக்கு மேலே கிளாஸைப் பிடிப்பது போலக் காட்டினான்.

"எச்சி பண்ணலம்மா. தூக்கித்தான் குடிச்சேன்."